திண்ணை யாருக்குச் சொந்தம்?

நடுவர் அவர்களுக்கும் காரைக்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். சொந்த வீடு கட்டக் கைகொடுப்பது சேமிப்பா, வங்கிக் கடனா என்பது தலைப்பு. நான் கடனின் பக்கம்.

கடன் வாங்கிக் கட்டியவனுக்குத் திண்ணை மட்டுமே சொந்தம், வீட்டின் உள்பகுதிகளான வளவும் பட்டாலையும் இரண்டாங்கட்டும் வங்கி மேலாளருக்குச் சொந்தம் என்று சொல்லி எதிரணி நண்பர் கைதட்டலை அள்ளிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். இன்றைக்கு மூன்று சென்ட் மனையில் யார் ஐயா திண்ணை வைத்துக் கட்டுகிறார்கள்? அவர் கணக்குப்படி பார்த்தால் நமக்கு ஒன்றுமே சொந்தமில்லை! வங்கி வாங்கி வைத்துக்கொள்வது பத்திரத்தைத்தான். பட்டா நம் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி நம் பெயரில் வருகிறது, ஐப்பசி மழையில் தளம் ஒழுகினால் அந்த ஒழுக்கும் நம் பெயரில்தான். எந்த மேலாளரும் வாளியோடு ஓடி வந்ததில்லை. கடனை முழுதும் அடைத்த 30 நாட்களுக்குள் அந்தப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் வங்கிகளுக்கே கடிவாளம் போட்டிருக்கிறது.

நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானின் மாளிகை வீடுகளை யார் கடன் வாங்கிக் கட்டினார்கள் என்றும் அவர் கேட்டார். வாங்கிக் கட்டவில்லை, பர்மாவில் கடன் கொடுத்துக் கட்டினார்கள். ஐராவதிக் கரையில் நெல் விளைத்த பர்மிய உழவர் கட்டிய வட்டியும் அல்லவா இங்கே தேக்குத் தூண்களாக நிற்கிறது? 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களோடு ஒரே நாளில் கிளை திறந்தது இந்தக் காரைக்குடியில்தான். இந்த மண்ணில் நின்றுகொண்டு கடனைத் தீண்டத்தகாததுபோல் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் அண்ணன் இருந்தார். ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காமல் வீடு கட்டுவேன் என்பது அவர் சபதம். கையிருப்பில் அஸ்திவாரம் போட்டார். அடுத்துச் சேர்ந்த பணம் மூத்த மகள் கல்யாணத்துக்குப் போயிற்று. அஸ்திவாரத்தில் புல் முளைத்தது. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக வளர்கிறது என்பார். ஆடுகளுக்கு அது உண்மையாகவே தெரியும். பிறகு தூண் எழுப்பினார், பணம் தீர்ந்தது, கம்பி மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. பக்கத்து வீட்டார் அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். தேர்தல் வந்ததும் கட்சிக்காரர்கள் வந்து கொடி கட்டினார்கள். அடுத்த தேர்தலில் வேறு கட்சி, வேறு கொடி. நடுவர் சிரிப்பதால் இன்னொரு முறை சொல்கிறேன்: ஆட்சி மாறியது, கொடி மாறியது, கம்பி மட்டும் அப்படியே நின்றது! அஸ்திவாரம் போட்ட கொத்தனாரின் மகன் படித்து, பொறியாளராகி, அந்தக் கம்பியைத் தட்டிப் பார்த்து, துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னதுதான் இதில் உச்சம். இத்தனைக்கும் நடுவே சிமெண்டு விலையும் கூலியும் இவருடைய சேமிப்பைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தன. மாதா மாதம் வாடகை வேறு.

25 லட்சம் வாங்கினால் 29 லட்சம் வட்டி என்று எதிரணியில் முழங்கினார்கள். 9 விழுக்காட்டில் 20 ஆண்டுகள் இழுத்தால் கணக்கு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பது 2012-இலிருந்து நடைமுறை. ஆண்டுக்கு ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினாலே மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைந்துவிடும். நிற்க.

அந்த அண்ணனின் மனைவி, அந்த வீட்டு ஆச்சியைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் புல்தரையில் போய் நின்று, இது அடுப்படி, இது சாமி வீடு, இங்கே பேத்திக்குத் தொட்டில் என்று கை காட்டுவார். வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்டு நின்றே வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஒருவழியாக வீடு முடிந்து பால் காய்ச்சியபோது ஆச்சி உயிரோடு இல்லை. அண்ணன் சபதத்தில் வென்றுவிட்டார், உலகத்தில் எவருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. அந்த மனுசிக்கு அவர் வைத்த பாக்கியை எந்தத் தவணையில் அடைப்பது என்று எதிரணி நண்பர் எழுந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டார்கள், அமர்கிறேன்.