400 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 400 தாங்கும் கியர்பாக்ஸ் போதுமா? பழைய வி-டிரைவ் படகு வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே! உங்கள் படகில் 400 குதிரைத்திறன் இன்ஜின். பழைய கியர்பாக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது, விளம்பரத்திலும் 400 என்றே போட்டிருக்கிறது. வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அமைதியான ஏரியில் வருடக்கணக்கில் உழைக்கிற பெட்டி, சிங்கப்பூரின் குசு தீவுக்குப் போகும் வழியில் ஒரே மாலையில் கையை விரித்துவிடலாம். ஏன் என்பதுதான் இன்றைய வீடியோ.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். வி-டிரைவ் படகில் இன்ஜின் பின்பக்கம் திருப்பிப் போட்டபடி இருக்கும். சக்தி முதலில் முன்னால் போய், வி-டிரைவ் பெட்டியில் திரும்பி, இன்ஜினுக்கு அடியிலேயே பின்னால் வந்து புரொப்பெல்லரைச் சுற்றும். இன்ஜினுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் இருப்பதுதான் நம் கியர்பாக்ஸ். பழைய படகுகளில் அது பெரும்பாலும் போர்க் வார்னர் வெல்வெட் டிரைவ்: 71சி அல்லது அதைவிட வலுவான 72சி. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

குதிரைத்திறன் என்ற ஒற்றை எண்ணை நம்பவே நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் உணர்வது முறுக்கு விசையை, அதாவது ஷாஃப்ட்டைத் திருப்பும் பலத்தை (டார்க்).

[திரையில் கணக்கு]

400 குதிரைத்திறன் என்றால் சுமார் 298 கிலோவாட். அதை 9549-ஆல் பெருக்கி, நிமிடச் சுழற்சியால் வகுங்கள். 5000 சுழற்சியில் சுமார் 570 நியூட்டன் மீட்டர் வரும். அதே 400 குதிரைத்திறனை 4000 சுழற்சியிலேயே தரும் இன்ஜின் என்றால் சுமார் 712! திறன் ஒன்றுதான், ஆனால் கியர்பாக்ஸின் தலையில் ஏறும் பாரம் கால் பங்கு கூடிவிட்டது. அதனால் விற்பவரிடம் "எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை சுழற்சியில்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

தண்ணீரில் புரொப்பெல்லர் கேட்கும் முறுக்கு விசை, சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். பாதி வேகத்தில் சுற்றினால் கால்வாசி முறுக்குதான் தேவை, திறனோ எட்டில் ஒரு பங்குதான். அதாவது மெதுவாக ஓட்டும்போது கியர்பாக்ஸ் ஏறக்குறைய ஓய்வில் இருக்கிறது. அப்படியானால் அது எங்கே உடைகிறது?

காற்றில்!

தெற்குத் தீவுகள் பக்கம் போயிருப்பீர்கள். பாத்தாம் ஃபெர்ரி ஒன்று கடந்து போகிறது, பின்னாலேயே அலை வருகிறது. உங்கள் படகு அதில் ஏறிக் குதிக்கிறது. புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு வெளியே வந்த நொடியில் சுமை போய்விடும், இன்ஜின் அலறிக்கொண்டு 4500-இலிருந்து 5500-க்குத் தாவும். இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் தேங்கும் ஆற்றலும் சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்ததுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதல் ஆற்றல் அதற்குள் ஏறிவிட்டது. அடுத்த கணம் புரொப்பெல்லர் தண்ணீரைக் கவ்வும். அந்தக் கூடுதல் ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். நூலை மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும். அதேதான் இங்கேயும்.

அடி விழும் வரிசையைப் பாருங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஷாஃப்ட்டுகளை இணைக்கும் கப்ளிங் போல்ட்டுகள், வி-டிரைவின் பற்கள், அப்புறம் கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகள், கடைசியில் ஃப்ளைவீலில் இருக்கும், அதிர்வைத் தணிக்கும் டாம்பர் தட்டின் ஸ்பிரிங்குகள். இதில் கிளட்ச் தட்டுகள் மட்டும் ஒரு இம்மி வழுக்கிக்கொடுக்க முடியும். அந்த வழுக்கல்தான் பற்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு குதிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டும் தேய்கிறது. அந்தக் காலத்துப் பந்தயப் படகுகள் பலவற்றில் கியர்பாக்ஸே கிடையாது. வி-டிரைவிலேயே 'இன்-அவுட்' நெம்புகோல் ஒன்று இருக்கும், இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும், ஸ்டார்ட் செய்த உடனே படகு பாய்ந்துவிடும்! அதில் வழுக்கிக்கொடுக்க எதுவுமே இல்லை, அடி நேராகப் பற்களில்தான். பார்க்கவே எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் படகுகள் நிறுத்தும் மரீனாவில் அடுத்தவர் படகுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்டார்ட் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஜொகூர் நீரிணைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு அலை குறைவு. ஆனால் மிதக்கும் மரக்கட்டை இருக்கிறது. அதுவும் இதே அடிதான்.

அதனால் என் கருத்து இதுதான்: கணக்கில் 71சி சரியாக எல்லையில் நின்றால், 72சி வாங்குங்கள். ஆனால் பெட்டியின் நீளத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். பெரிய பெட்டி வந்தால் வி-டிரைவுக்குப் போகும் குட்டை ஷாஃப்ட்டையும் அதன் கோணத்தையும் மாற்ற வேண்டிவரும். விகிதத்தையும் கவனியுங்கள். சுழற்சியை 1.5-க்கு 1 என்று குறைக்கும் பெட்டியைப் போட்டால், 570 நியூட்டன் மீட்டர் வெளியே வரும்போது 855 ஆகிவிடும். கியர்பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும், வி-டிரைவ் மாட்டிக்கொள்ளும்.

டீசலுக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வரி: ஒரே பெட்டி தாங்குவது பெட்ரோலுக்கு ஒரு அளவு, டீசலுக்கு அதைவிடக் குறைந்த அளவு, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இப்போது படகைக் கரையேற்றிக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

[கேமரா பெட்டியின் முன்பக்கத்தை நெருங்குகிறது]

இது எண்ணெய் பம்ப். உறையில் அம்புக்குறி தெரிகிறதா? இன்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கேற்ப இந்த பம்பைத் திருப்பிப் பொருத்த வேண்டும். தவறிவிட்டால் எண்ணெய் அழுத்தமே வராது. எவ்வளவு வலுவான கியர்பாக்ஸாக இருந்தாலும் தட்டுகள் கருகிவிடும். வி-டிரைவ் படகில் திசைக் குழப்பம் சாதாரணமாக வரும். "பரவாயில்லை, ரிவர்ஸில் போட்டு முன்னால் ஓட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தப் பெட்டியின் ரிவர்ஸ், ஜெட்டியில் அணைவதற்குத்தான், சவாரி போவதற்கு இல்லை.

அடுத்து இந்த நெம்புகோல். இதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் சின்ன உருண்டை ஒன்றும் இருக்கின்றன. 'டக்' என்று குழியில் உட்காரும், கேளுங்கள். கேபிள் சரியாக இழுக்கவில்லை என்றால் உருண்டை பாதியிலேயே நின்றுவிடும், அழுத்தம் முழுதாகக் கிடைக்காது, தட்டு வழுக்கும். நெம்புகோல் இலேசாக நகரட்டும் என்று அந்த உருண்டையையே கழற்றி எறிந்த பெட்டிகளும் உண்டு. பழைய பெட்டி வாங்கும்போது முதலில் இந்த 'டக்' வருகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். "இந்த கியர்பாக்ஸ் தாங்காது" என்று சொல்லி அடுத்ததற்கு வெள்ளியை எண்ணிக்கொடுப்பதற்கு முன், கேபிளைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கடைசியாக எண்ணெய்க் குளிர்விப்பான். நம் கடல்நீரே 28, 30 டிகிரியில்தான் இருக்கிறது. குளிர்ந்த ஏரிக்குப் போதுமான குளிர்விப்பான் இங்கே திணறும், ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். உப்பு அதை உள்ளிருந்து அரித்தால் கடல்நீர் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) வெளியே எடுங்கள். எண்ணெய் தெளிவான சிவப்பாக இருந்தால் நல்லது. பால் கலந்த ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.

உங்கள் கியர்பாக்ஸில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துவிட்டு, அதில் இருக்கும் மாடல் எண், விகிதம், கூடவே உங்கள் இன்ஜினின் திறனும் சுழற்சியும், இந்த நான்கையும் கமெண்டில் எழுதுங்கள். கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.