கறுத்த காசும் புளியும்

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கிடையே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் பெயர் விட்டுப்போன தலைமையாசிரியர் அம்மாவுக்குத் தனி வணக்கம்.

ரோமானிய வெள்ளிக்காசை அடையாளம் காண்பது எப்படி? முகம், எழுத்து, எடை என்று மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

கரூர்ப் பக்கம் ஓர் ஆத்தா. வீடு கட்ட இறக்கிய மணலைச் சலிக்கும்போது கறுப்பாக ஒரு காசு. நான் போவதற்குள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சாமி படத்தடியில் வைத்துவிட்டார். "இந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரை, அந்தப் பக்கம் நம்ம மகாலட்சுமி. சாமிகிட்ட வைக்கிறது கறுப்பா இருக்கலாமா கண்ணு?"

துரை, ரோமானியப் பேரரசர் திபேரியஸ். தலையில் இலைமாலை. சுற்றிலும் லத்தீன்: தெய்வமான அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ். 'யு' எழுத்தை 'வி' போலவே வெட்டியிருப்பார்கள், மிரள வேண்டாம். லட்சுமி, கையில் கிளையோடு அமர்ந்த பெண். அரசரின் தாய் லிவியா என்பது பலர் கணிப்பு. பக்கத்தில் 'பொன்டிஃப் மாக்சிம்', அதாவது தலைமைப் பூசாரி. திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. அச்சிட்ட ஊர் லுக்துனும், இன்றைய பிரான்சின் லியோன். இரண்டு இளைஞர்கள் நடுவில் கேடயமும் ஈட்டியுமாக நின்றால், அது திபேரியஸுக்கு முன் ஆண்ட அகஸ்டஸின் காசு. அவர்கள் அவருடைய பேரன்கள் கையஸ், லூசியஸ். நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் இந்த இரண்டு வகையும்தான் அதிகம்.

முகம் தப்பியது. புளி தின்றது எழுத்தில் பாதியை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "மணல் எந்தத் துறையில் அள்ளியது ஆத்தா?" "லாரிக்காரனைத்தான் கேக்கோணும்." போயிற்று! அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது என்பார்கள். காசுக்கு மானம் அது கிடைத்த இடம்தான்.

வட்டாட்சியர் அய்யா, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் வருமோ என்று பயந்து ஜனங்கள் வாய் திறப்பதில்லை. காசு பட்டறைக்குப் போய் உருகிவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன கிடைத்தது, எந்த வயல், எத்தனை அடி ஆழம். நாற்பது பக்க நோட்டு போதும், நானே வாங்கித் தருகிறேன். அரைக்காசுக்குப் போன மானம்... சரி, தலைவர் மணியைப் பார்க்கிறார்.

எடையைச் சொல்லாமலே விட்டேன். டீ குடிக்கும்போது தராசோடு வாசலில் இருப்பேன்.