மூக்கோரத்துல வீக்கம், பழி விழுந்தது பல்லு மேல! மும்பை செம்பூர்ல இருந்து ஒரு கட்டிக் கதை

எல்லாருக்கும் வணக்கம். இருங்க, ஹார்பர் லைன் ரயில் ஒண்ணு போகுது, போகட்டும். ம், போயிருச்சு.

இன்னைக்குச் சமையல் கிடையாது. 16 நாளைக்கு முன்னாடி எனக்கு ஆபரேஷன் நடந்துச்சு. மூஞ்சியில. எங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம், கேமராவுக்குக் கிட்ட வர்றேன். தழும்பு தெரியுதா? தெரியாது. மேல் உதட்டைத் தூக்கினாத்தான் தெரியும். அது வேணாம், யாராவது சாப்பிட்டுக்கிட்டே பாப்பீங்க.

என் பழைய வீடியோவை எடுத்துப் பாருங்க. போன பொங்கலுக்குப் போட்டது. சிரிச்சா மூக்குல இருந்து வாயோரம் வரைக்கும் ஒரு கோடு விழும்ல? எனக்கு வலது பக்கம் விழுது, இடது பக்கம் விழல. மூக்கு மடலுக்குக் கீழ மேடா இருக்கு. நான் என்னடான்னா, கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருக்குன்னு சந்தோஷமா இருந்திருக்கேன். எங்கம்மாதான் ஊர்ல இருந்து வீடியோ கால்ல, "ஏட்டி, மூக்கோரத்துல என்னட்டி பணியாரம் மாதிரி?"ன்னு கேட்டா. திருநெல்வேலி வாய், மறைச்சுப் பேசத் தெரியாது.

வலி கிடையாது. அப்புறம் ஒருநாள் சடார்னு வீங்கி, சிவந்து, தொட்டாலே வலி. பக்கத்துல ஒரு பல் டாக்டர்கிட்ட ஓடினேன். பேரெல்லாம் வேணாம். ஒரு எக்ஸ்ரே எடுத்தாரு, பல்லைத் தட்டினாரு, "வேர்ல சீழ், ரூட் கெனால் பண்ணணும்"ன்னாரு. மூணு தடவை போய் வாயத் திறந்தேன். ஆன்டிபயாடிக்கும் குடுத்தாரு, வீக்கம் வடிஞ்சிருச்சு. வடிஞ்சதும் நானும் நம்பிட்டேன். வடிஞ்சது மாத்திரையால, பல்லுக்குச் செஞ்ச வைத்தியத்தால இல்லன்னு அப்பத் தெரியல. ரெண்டே மாசத்துல பணியாரம் பழையபடி வந்து உக்காந்துருச்சு.

எங்க பில்டிங்ல அதுக்குள்ள தீர்ப்பே எழுதிட்டாங்க. "பரேல்ல காட்டிரு"ன்னு மெதுவாச் சொன்னாங்க. மும்பைக்காரங்களுக்குப் புரியும், பரேல்னா டாடா ஆஸ்பத்திரி, டாடான்னா கேன்சர். அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

நான் போனது முகம், தாடை ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்ட. இந்த ஊர்ல சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, மும்பை சென்ட்ரல்ல நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கயும் இதுக்குத் தனிப் பிரிவு உண்டு. காதுமூக்குதொண்டை டாக்டருங்களும் இதைச் செய்வாங்க. எனக்கு வாய்ச்சது ஒரு மராத்திப் பொண்ணு, என் தங்கச்சி வயசுதான் இருக்கும். எடுத்த எடுப்புல ஸ்கேன் எதுவும் கேக்கல. கையுறை போட்டு ஒரு விரலை மூக்குத் துவாரத்துல வச்சா, இன்னொரு விரலை மேல் உதட்டுக்கு உள்ள ஈறுக்கு மேல வச்சா. இந்த விரலால அமுக்கினா அந்த விரல்ல முட்டுது. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி பலூன். மூக்குக்குள்ள தரையும் மேல தூக்கியிருக்குன்னா.

அப்புறம் பஞ்சுல ஜில்லுன்னு எதையோ தெளிச்சு ஒவ்வொரு பல்லா வச்சா. உயிருள்ள பல்லுன்னா சுருக்குன்னு கூசும். எல்லாமே கூசுச்சு, ரூட் கெனால் பண்ணினது ஒண்ணைத் தவிர. அதுலதான் உள்ள இருந்த நரம்பை எடுத்தாச்சே! முதல்ல எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்துல காட்டினா. வேர் நுனியில ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. அந்தப் பல்லு பாவம், சாட்சி சொல்லக்கூட முடியாத நிலைமையில இருக்கு. பஞ்சு வைக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதை முன்னாடியே செஞ்சிருக்கலாம். எனக்குக் கோபம் அது ஒண்ணுலதான். உங்களுக்கு யாராவது வீக்கத்துக்கு ரூட் கெனால்னு சொன்னா, "பல்லு உயிரோட இருக்கான்னு பாத்தீங்களா?"ன்னு கேட்டுட்டு வாயத் திறங்க.

இதுக்குப் பேரு நேசோலேபியல் சிஸ்ட். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவுல வர்ற நீர்க்கட்டி. எலும்புக்குள்ள வர்றதில்ல, எலும்புக்கு மேல சதையில உக்காரும். அதனாலதான் சாதா எக்ஸ்ரேயில சிக்காது. அப்புறமா எடுத்த சிடி ஸ்கேன்ல பாத்தப்ப உருண்டையா ஒண்ணு, அதுக்கு அடியில எலும்பு லேசாக் குழிஞ்சிருந்துச்சு, நாள்பட்ட பாரம் அழுத்தினதால. 1882லயே சுக்கர்காண்டல்னு ஒருத்தர் இதைப் பத்தி எழுதிட்டாராம். நாம வயித்துல இருக்கும்போது கண்ணீர் இறங்குற குழாய் உருவாகுதுல்ல, அதுல மிச்சம் விழுந்த துணுக்கு பின்னாடி கட்டியாகுதுன்னு ஒரு கருத்து. பொம்பளைங்களுக்குத்தான் அதிகம், அதுவும் நாப்பதை ஒட்டி. எனக்கு 43. பாடப் புத்தகத்துக்கு நானே போஸ் குடுத்திருக்கலாம்.

வழி ரெண்டு சொன்னா. மூக்கு வழியா கேமரா விட்டு, கட்டியோட கூரையை வெட்டி மூக்குக்குள்ளயே திறந்து விடுறது ஒண்ணு. அதுல பை உள்ளயே இருக்கும், ஆனா வாசல் திறந்தே கெடக்கும், தண்ணி சேராது. இன்னொண்ணு, உதட்டுக்கு உள்ள கீறி முழுப் பையையும் உரிச்செடுக்குறது. நான் முழுசா எடுக்கச் சொல்லிட்டேன். பை மூக்குத் தரைத் தோலோட ஒட்டிக்கிட்டு இருக்குமாம், உரிக்கையில கிழிஞ்சா அங்கயே தையல். எனக்குக் கொஞ்சம் கிழிஞ்சிருச்சு, தச்சாச்சு.

மயக்கம் குடுத்துத்தான் செஞ்சாங்க. மறுநாள் கண்ணாடி பாத்தா மேல் உதடு வடை சைஸ். ஒரு வாரம் ரசஞ்சாதம், இட்லி, ஆறின காபி. மூக்கு சிந்தக்கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க. உதடும் முன் பல்லும் இன்னும் மரத்துத்தான் இருக்கு. காபி குடிச்சா ஓரமா ஒழுகுது, எனக்கே தெரியறதில்ல, என் மகன்தான் துடைச்சு விடுறான். போகப்போகச் சரியாகும்னாங்க. எடுத்த பையை பயாப்சிக்கு அனுப்பினாங்க. பாத்தா சாதுவாத் தெரிஞ்சாலும் அனுப்பத்தான் வேணும். ரிப்போர்ட் வந்துருச்சு, அதே சிஸ்ட்தான், வேற ஒண்ணுமில்ல. பில்டிங்ல எல்லார்கிட்டயும் நானே போய்க் காட்டிட்டு வந்தேன்.

இதைப் பாத்துட்டு உங்க மூஞ்சியில இருக்குற எல்லாக் கட்டியும் இதுதான்னு நினைச்சுராதீங்க. எங்க கீழ் வீட்டு மாமாவுக்குக் காதுக்கு முன்னாடி ஒரு உருண்டை, கொழுப்புக் கட்டின்னு அஞ்சு வருஷமாத் தடவிக்கிட்டு இருக்காரு. அந்த இடத்துல உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கு, அதுக்குள்ள புகுந்துதான் முகத்தை அசைக்கிற நரம்பு கிளை பிரியுது. அங்க முதல்ல ஊசி குத்திப் பரிசோதனை பண்ணணும், கண்ட இடத்துல கீறிப் பாக்குற வேலை ஆகாது. வாய் கோணுதா, வேகமா வளருதா, காத்திருக்கவே கூடாது. அதே மாதிரி குழந்தைக்கு மூக்கு நடுத்தண்டுல கட்டி, அதுல ஒத்தை முடி எட்டிப் பாக்குதுன்னா, ஸ்கேன் எடுக்காம யாரையும் ஊசியோட கிட்ட விடாதீங்க. அது சில சமயம் மண்டை ஓட்டுக்கு உள்ள வரைக்கும் வேர் விட்டிருக்கும்.

குக்கர் மூணு விசில் வந்துருச்சு, நான் போறேன். அந்தப் பல்லுக்குக் கேப் போட அடுத்த வாரம் போகணும். வேற டாக்டர்கிட்டதான். உள்ள போட்ட தையல் தானாக் கரையுமாம், ஒண்ணு மட்டும் இன்னும் நாக்குல தட்டுப்படுது.