பேனாவை விற்றேன், வேலை கிடைக்கவில்லை: சேல்ஸ் இன்டர்வியூவில் அவர்கள் பார்ப்பது எதை?

[திரையில்: மேஜை, ஒரு ரெஸ்யூமே, பக்கத்தில் ஒரு நீலப் பேனா]

"எங்கே, இந்தப் பேனாவை எனக்கு விற்றுக் காட்டுங்கள்."

விற்றேன். சும்மா இல்லை, மூன்று நிமிடம் மூச்சு விடாமல். மை கசியாது, கை வலிக்காது, மூடியைத் திறக்கும் அந்த 'டக்' சத்தத்துக்கே கையெழுத்துப் போடத் தோன்றும் என்றெல்லாம் அளந்துவிட்டேன். எதிரில் இருந்தவர் சிரித்தார், தலையை ஆட்டினார், பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அடடா, சரக்கு போணியாகிவிட்டது என்று வெளியே வந்தேன். இரண்டு நாளில் மெயில்: வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், வாழ்த்துகள்.

எங்கே சொதப்பினேன்? கண்டுபிடித்தவர்கள் இப்போதே கமென்ட்டில் போடுங்கள், பார்க்கலாம்.

முதலில் பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். கார்ப்பரேட் சேல்ஸ் என்றால் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்பது. முதலில் ஹெச்ஆர் ஃபோனில் பேசுவார், அப்புறம் மேனேஜர், அப்புறம் ரோல் பிளே, ஒரு பிரசன்டேஷன், கடைசியில் ஒரு பெரிய தலை. சில இடத்தில் மூன்று ரவுண்டு, சில இடத்தில் ஆறு. போதும், சுவாரசியமான இடத்துக்குப் போவோம்.

[திரையில்: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்]

ரோல் பிளே. அவர் கிளையன்ட், நான் சேல்ஸ் ஆள். இது வேறொரு கம்பெனி, வேறொரு நாள். நான் விற்க வேண்டியது சம்பளப் பட்டியல் போடும் சாஃப்ட்வேர். அவர் எடுத்த எடுப்பிலேயே, "எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதுவே போதும்" என்றார். நான் விடுவேனா? எங்களுடையது அதைவிட வேகம், அதைவிட எளிது, அதைவிட... நான்காவது நிமிடத்தில் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்கள். அதுவே போதும் என்று சொன்னேனே, ஏன் போதும் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? சரி, முதலில் இருந்து வாருங்கள்."

காது சூடாகிவிட்டது. ஆனாலும் திரும்ப ஆரம்பித்தேன்.

"இப்போது மாதக் கடைசியில் சம்பளம் போட்டு முடிக்க எத்தனை நாள் ஆகிறது?"

"மூன்று நாள்."

"அந்த மூன்று நாளும் யார் உட்கார்கிறார்கள்?"

"அக்கவுன்ட்ஸில் இரண்டு பேர். தப்பு வந்தால் நானும்."

"கடைசியாக எப்போது தப்பு வந்தது?"

கொஞ்சம் யோசித்தார். "போன மாதம். 40 பேருக்கு ஓவர்டைம் விட்டுப்போய்விட்டது. என் ஃபோன் ஓயவே இல்லை."

பார்த்தீர்களா? சாஃப்ட்வேரின் பெயரைக்கூட நான் இன்னும் சொல்லவில்லை. அவர் வாயாலேயே அவருடைய வலி வந்துவிட்டது. அன்றைக்கு நான் எதையும் விற்கவில்லை. அக்கவுன்ட்ஸ் ஆட்களையும் கூட்டிவைத்து அடுத்த வாரம் உட்காரலாமா என்று மட்டும் கேட்டு முடித்தேன். அந்த வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து நானே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார ஆரம்பித்தபோதுதான் ரகசியம் புரிந்தது. முதல் தடவை எல்லோரும் சொதப்புவார்கள் என்று தெரிந்துதான் அந்த ஆட்டமே. மார்க், இரண்டாவது தடவைக்கு. அங்கே மூன்று ரகம் உண்டு. "இல்லை சார், நான் அதைத்தான் செய்தேன்" என்று வாதாடுபவர். அதே பேச்சை இன்னும் சத்தமாகப் பேசுபவர். மூன்றாவது ரகம், நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டு, "சரி, திரும்ப வருகிறேன்" என்பவர். முதல் ரவுண்டில் திக்கித் திணறியிருந்தாலும் நான் அவரைத்தான் எடுத்தேன்.

[திரையில்: பழைய கல்லாப்பெட்டி இயந்திரம்]

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் ஜேம்ஸ் ரிட்டி என்று ஒரு மதுக்கடைக்காரர். கல்லாவில் கைவைக்கும் ஊழியர்களின் தொல்லை தாங்காமல் 1879-ல் கேஷ் ரெஜிஸ்டரைக் கண்டுபிடித்தார். அந்தத் தொழில் கடைசியில் ஜான் பேட்டர்சன் கைக்கு வந்து, என்சிஆர் என்ற கம்பெனி ஆனது. சேல்ஸ்மேன் பிறக்கும்போதே சேல்ஸ்மேன் என்று பலரும் நம்பிய காலம் அது. பேட்டர்சன் நம்பவில்லை. 1887-ல் விற்பனைப் பேச்சையே அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார், சில வருடத்தில் சேல்ஸ்மேன்களுக்கென்று பள்ளிக்கூடமே திறந்தார்.

1896-ல் அங்கே ஓர் இளைஞர் சேர்ந்தார். ஆரம்பத்தில் ஒரு மெஷின்கூட விற்கவில்லை. ஜான் ரேஞ்ச் என்ற மேலாளர் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார். திட்டி முடித்த கையோடு, தானே கூடப் போய் எப்படி விற்பது என்று காட்டிக்கொடுத்தார். இளைஞர் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் தாமஸ் வாட்சன். 1914-ல் அவர் போய்ச் சேர்ந்த வேறொரு கம்பெனிதான் 1924-ல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதல் ரவுண்டை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால், அந்த மனிதரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

இன்டர்வியூவுக்காகச் செய்து வரச்சொல்லும் அசைன்மென்ட் பற்றி ஒரே வரி: நிஜ லீட் பட்டியலும், அதாவது வாங்க வாய்ப்புள்ளவர்களின் பட்டியலும், நிஜ கிளையன்ட் மெயிலும் கேட்டால் அது தேர்வு இல்லை, ஓசி வேலை.

அப்புறம் பணம். ஓடிஇ என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார்கள். நிரந்தரச் சம்பளமும், டார்கெட்டை முழுதாக அடித்தால் வரும் கமிஷனும் சேர்ந்த தொகை அது. பல இடங்களில் பாதிக்குப் பாதி. அதாவது அந்த எண்ணில் பாதி இன்னும் உங்களுடையது இல்லை. "கமிஷனுக்கு உச்சவரம்பே கிடையாது" என்பார்கள். வானத்துக்கும்தான் உச்சவரம்பு கிடையாது, ஏணி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஏணி, போன வருடம் அந்த டீமில் எத்தனை பேர் டார்கெட் அடித்தார்கள் என்ற எண்ணிக்கை. என் நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் ஒருவர் கம்பெனியின் வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நண்பர் ஆஃபரை வாங்கவில்லை. கமிஷன், ஆர்டர் கையெழுத்தானதுமா அல்லது கிளையன்ட் பணம் கட்டிய பிறகா என்பதையும் கேளுங்கள். நான் கேட்காமல் சேர்ந்து ஏழு மாதம் காத்திருந்தேன்.

சரி, பேனா. விடை கமென்ட்டில் வந்திருக்கும். இதில் எதை எழுதுவீர்கள், கடைசியாக எப்போது பேனா தேடினீர்கள் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அது என் பேனா. இன்னும் திருப்பித் தரவில்லை.