100 வோல்ட் ஆம்பை அப்படியே சொருகிடாதீங்க

வணக்கங்க, காரைக்குடியில இருந்து பேசுறேன். குரல் கொஞ்சம் எதிரொலிக்கும். ஆத்தங்குடிக் கல்லு தரை, உசந்த மச்சு, அப்படித்தான் இருக்கும்.

இந்த ஆம்ப், அதாவது பாட்டுச் சத்தத்தைப் பெருக்குற ஆம்ப்ளிஃபையர், இங்க முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமானோட சாமானாக் கிடந்துச்சு. வந்த அன்னிக்கே ஆர்வக்கோளாறுல நேரா சொருகிட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். முகப்புல உக்காந்திருந்த ஐயா, "என்னடா, வெடி போட்டியா?"ன்னு கேட்டாரு. நல்லவேளை, ஃபியூஸோட போச்சு.

பின்னாடி தகட்டைப் பாருங்க: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 240 வாட்ஸ். ஜப்பான்லயே விக்கிறதுக்குச் செஞ்சது. நம்ம வீட்டுல வர்றது 230. சில ஆம்ப்ல வோல்டேஜ் மாத்துற சுவிட்ச் பின்னாடியே இருக்கும், முதல்ல அதைத் தேடுங்க. இதுல இல்ல.

அதனால 230ஐ 100 ஆக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். தகட்டுல 240 வாட்ஸ்னா 250 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்குற பவர்) போதும்னு கணக்குப் போடாதீங்க. சத்தம் ஏத்தினா அதைத் தாண்டி இழுக்கும், ஆன் பண்ற நொடியில இன்னும் மோசம். நான் 500 விஏ வச்சிருக்கேன். வாங்கும்போது தூக்கிப் பாருங்க. பொரிவிளங்கா உருண்டை மாதிரி கனமா இருக்கணும். காத்து மாதிரி லேசா ஒரு கன்வர்ட்டர் விக்கிறாங்களே, அது முடி காயவைக்கிற மெஷினுக்கு ஆகும். கரன்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும், ஆம்புக்கு ஆகவே ஆகாது.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை கம்மிதான். ஆனா அதுல ஒரே வைண்டிங், அதாவது ஒரே கம்பிச் சுத்து. கீழ்ப்பாதி அறுந்துச்சுன்னா 230 அப்படியே ஆம்புக்குள்ள வந்துரும். கூட நாலு காசு போனாலும் ரெண்டு வைண்டிங் தனித்தனியா இருக்கிறதைத்தான் நான் வாங்குவேன்.

அமெரிக்காவுல இருந்து மச்சான் 120 வோல்ட் ஆம்ப் கொண்டாந்தா இன்னொரு சிக்கல். தகட்டுல 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருந்தா, நம்ம 50ல அதோட உள் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், உறுமும். அதுக்கு 100 வோல்ட் கொடுத்தா கோருக்கு, அதாவது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இருக்கிற இரும்புக்கு, பழைய பாரம்தான். சத்தம் கொஞ்சம் குறையும், போகட்டும்.

ஆம்பைச் சொருகுறதுக்கு முன்னாடி டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வெளிய வர்ற வோல்டேஜை மீட்டர் வச்சுப் பாத்துருங்க. லைன் 250 வந்தா இங்க 109 காட்டும். ராத்திரி எங்க தெருவுல அப்படி ஏறுறது உண்டு, அப்ப நான் ஆன் பண்றதே இல்ல.

அப்புறம், டிரான்ஸ்ஃபார்மரை டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டுற மெஷின்) பக்கத்துல வச்சிராதீங்க. ம்ம்ம்னு ஒரே இரைச்சல். ரெண்டு நாள் ஒயரை மாத்தி மாத்திப் போட்டேன். கடைசியில அப்பத்தா கூட்டுறதுக்காக டிரான்ஸ்ஃபார்மரை அந்தப் பக்கம் தள்ளி வச்சாங்க, நின்னுருச்சு.