உயரம் வாசல் வரைக்கும்தான்

தருமபுரியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: கல்லூரிக் கூடைப்பந்து வீரரை உருவாக்குவது பிறவித் திறமையா, கல்லூரிக் களமா? ‘கல்லூரிக் களமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை இது.

நடுவர் ஐயா அவர்களே, இரு அணித் தோழர்களே, பென்னாகரம், அரூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களை அனுப்பி வைத்த பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி அருமையாகப் பேசினார். “வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தை எந்தக் கல்லூரி சொல்லித்தரும்?” என்று கேட்டார். “அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நட்சத்திரம் ஸ்டீபன் கரியைப் பாருங்கள், அவர் அப்பா டெல் கரியும் என்பிஏ ஆட்டக்காரர், ரத்தத்திலேயே ஊறியது” என்றார். பலத்த கைதட்டல். சரி, நானும் அதே கரியையே எடுத்துக்கொள்கிறேன்.

நடுவர் அவர்களே, டெல் கரி படித்து, ஆடி, பேர் வாங்கிய கல்லூரி வர்ஜீனியா டெக். மகனுக்கும் அங்கேயே சேர ஆசை. ரத்தம்தான் வீரரை உருவாக்கும் என்றால், அந்த ரத்தத்தை முதலில் அடையாளம் காண வேண்டியது அந்தக் கல்லூரிதானே? அவர்கள் என்ன சொன்னார்கள்? விளையாட்டு உதவித்தொகை தர முடியாது, வேண்டுமானால் உன் செலவில் வந்து அணியோடு இருந்துகொள் என்றார்கள். பையன் ஒல்லி, கூடைப்பந்துக்கு உயரமும் போதாது. மற்ற பெரிய கல்லூரிகளும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறவியை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் அந்தப் பையன் விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டார்கள்.

எடுத்துக்கொண்டது டேவிட்சன் என்ற கல்லூரி. இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத சின்ன இடம். பயிற்சியாளர் பாப் மெக்கிலப். 2006இல் கரி அங்கே ஆடிய முதல் ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரே ஆட்டத்தில் 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். கூடைப்பந்து ஆடிய பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும், ஐந்து முறை விட்டாலே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். மெக்கிலப் அந்தப் பையனை அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார். எதிரே மிஷிகன் பல்கலைக்கழகம். அன்றைக்கு அவர் எடுத்தது 32 புள்ளிகள். முந்தின ஆட்டத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் நடுவில் பிறவி மாறிவிட்டதா? அப்பா மாறிவிட்டாரா? நம்பி மறுபடி களத்தில் நிறுத்த ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். எங்கள் அணி ‘களம்’ என்று சொல்வது வெறும் சிமென்ட் தரையை இல்லை. இப்படிப்பட்ட மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அடுத்து 2008. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டி. தோற்றால் வெளியே, மறுவாய்ப்பே கிடையாது. கொன்சாகாவை வென்றார்கள், கரி மட்டும் 40 புள்ளிகள். ஜார்ஜ்டவுனை வென்றார்கள், விஸ்கான்சினை வென்றார்கள். டெட்ராய்ட் நகரத்தில் ஆட்டம் என்றதும் அந்தக் கல்லூரி நிர்வாகக் குழு செய்த காரியத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மாணவர்கள் போய் ஆட்டத்தைப் பார்க்க பஸ், டிக்கெட், தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் நிர்வாகமே பணம் கட்டியது. ஒரு கல்லூரி தன் வீரனைக் கொண்டாடுவது என்றால் இப்படி இருக்க வேண்டும்! கான்சஸுக்கு எதிரான ஆட்டத்தில் கடைசி நொடிகள். டேவிட்சன் இரண்டு புள்ளி பின்தங்கி இருக்கிறது. பந்து கரி கையில். ஆட்கள் வந்து மறித்துக்கொள்கிறார்கள். நாடே அவர் எறிவார் என்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் பந்தைச் சக வீரரிடம் கொடுக்கிறார். அந்த எறி வளையத்துக்குள் போகவில்லை. 59–57, தோல்வி. அந்த ஆண்டு கோப்பையை வென்றது அந்த கான்சஸ்தான். எதிரணி நண்பர்களே, அந்த நொடியில் பந்தைத் தோழனுக்குக் கொடுக்கும் மனசு தாய் வயிற்றிலிருந்து வருவதா? ஒரே விடுதியில் தங்கி, ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் தோற்றுப் பழகிய பிள்ளைகளுக்கு வருவது அது.

2009இல் மூன்றாம் ஆண்டோடு என்பிஏ போனார். என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் ஏழாவதாக எடுக்கப்பட்டார். அப்புறம் கணுக்காலில் காயம், அறுவை சிகிச்சை, அதையும் தாண்டி 2015, 2016 இரண்டு ஆண்டும் லீகின் சிறந்த வீரர், நான்கு கோப்பைகள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பெரிதாகப் படுவது 2022. பணம், புகழ் எல்லாம் வந்த பிறகு, விட்டுப்போன பாடங்களை முடித்து டேவிட்சனில் பட்டம் வாங்கினார். பட்டம் முடிக்காதவரின் சட்டை எண்ணை கௌரவிப்பதில்லை என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். உலகமே கொண்டாடும் வீரருக்காகவும் அவர்கள் அந்த வழக்கத்தைத் தளர்த்தவில்லை. பட்டம் வாங்கிய பிறகுதான் அவருடைய 30ஆம் எண்ணுக்கு மரியாதை செய்தார்கள். தன்னை உருவாக்கியது பிறவி என்று அவர் நினைத்திருந்தால், பதின்மூன்று வருஷம் கழித்து எதற்காகத் திரும்ப வந்து பாடம் முடிக்க வேண்டும்?

உயரத்துக்கு வருகிறேன். நம் நாட்டின் சத்னாம் சிங், பஞ்சாபில் ஒரு சின்ன கிராமத்துப் பிள்ளை, ஏழடிக்கு மேல் உயரம். 2015இல் டல்லாஸ் அணி அவரை 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ தேர்வில் இடம் பிடித்த முதல் ஆள். பெருமையாக இருந்தது, இன்றைக்கும் பெருமைதான். ஆனால் அவர் கல்லூரி ஆட்டம் ஆடியதே இல்லை. அகாடமியிலிருந்து நேராகப் போனார். என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அவர் உழைப்பில் குறை இல்லை. நாலு வருஷம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ள அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். உயரம் அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

என்பிஏவின் இன்னொரு பெரிய நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் கல்லூரிக்குப் போனாரா என்று எதிரணியில் அடுத்து வருபவர் கேட்பார். போகவில்லை. 2003இல் பள்ளியிலிருந்து நேராக என்பிஏ போனார். ஆனால் 2006 முதல் அந்த லீகே அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு கழிய வேண்டும் என்று விதி போட்டது. லெப்ரானைப் பார்த்த பிறகும் அவர்கள் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதை நடுவர் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம் ஐயா. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளில் பலர் பந்தை ஒழுங்காகத் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். சாயங்காலம் நான்கரை மணிக்கு மேல் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். வளையத்தில் வலை இருக்காது, பந்தின் சொரசொரப்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். வலது கைப் பழக்கமுள்ள ஒரு பெண் இடது கையால் லே-அப், அதாவது ஓடி வந்து வளையத்துக்குப் பக்கத்தில் எம்பிப் போடும் எறி, பழகிக்கொண்டிருப்பாள். இடது, வலது என்று இரண்டு எட்டு, வலது காலில் எம்பி, பலகையில் வரைந்த கட்டத்தில் பந்தைத் தட்ட வேண்டும். கால் மாறிப்போகும், பந்து பலகைக்கு மேலேயே போய்விடும். பி.டி. சார் “மறுபடி போடும்மா” என்பார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை மறுபடி மறுபடி போடுவாள். இடது கை அவளுக்குப் பிறவியில் வரவில்லை ஐயா, அந்த மைதானத்தில் வந்தது.

அவள் மண்டல அளவில் ஆடி, பெரியார் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போய், தென் மண்டலப் போட்டிக்கு ரயில் ஏறினால், கூடவே சான்றிதழ் வருகிறது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாட்டில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, போலீஸ் என்று அணி வைத்து ஆளெடுக்கும் துறைகள் இருக்கின்றன. இந்திய மகளிர் அணிக்குக் கேப்டனாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர்தான். எல்லோரும் அனிதா ஆக மாட்டார்கள், தெரியும். அமெரிக்காவிலேயே கல்லூரியில் ஆடும் நூறு பேரில் இரண்டு பேர்கூட என்பிஏ போவதில்லை. மீதிப்பேர் என்ன ஆனார்கள்? பயிற்சியாளர், நடுவர், உடற்கல்வி ஆசிரியர், போலீஸ் அதிகாரி. பிறவித் திறமைதான் எல்லாம் என்றால், அந்த மீதிப்பேரைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. எங்கள் அணி அவர்களைச் சேர்க்கிறது.

இன்னொன்று. பதினெட்டு வயதுகூட ஆகாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது இன்னும் நின்றுபோகாத மாவட்டம் இது. அணிச் சட்டை போட்ட பெண்ணின் வீட்டில், “மேட்ச் முடியட்டும், டிகிரி முடியட்டும்” என்று அம்மா ஒரு வார்த்தை சொல்ல முடிகிறது. அந்த வார்த்தையை அந்த அம்மாவுக்குக் கொடுத்தது எது, பிறவியா? அதைக் கொடுத்தது களம்.

மணி அடித்துவிட்டது. எதிரணியில் அடுத்து வரும் சகோதரருக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். ரத்தம்தான் வீரரை உருவாக்கும் என்றால், டெல் கரியின் மகனுக்கு டெல் கரியின் கல்லூரியே ஏன் உதவித்தொகை தரவில்லை? அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.