அக்கரைச் சிரியம்

வணக்கம், நேயர்களே. பர்மாவில் இருக்கும் சிரியத்தைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பிறந்த ஊர், அதனால் அழைத்தவர்களுக்கு முதலில் நன்றி.

அரசாங்கப் பெயர் தன்லின். 1989-இல் ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டபோது ஏட்டில் அது வந்தது. நம் வீடுகளில் இன்னும் சிரியம்தான், நானும் அப்படியே சொல்கிறேன். ரங்கூனில் இருப்பவர்களுக்குச் சிரியம் என்றால் பாலத்துக்கு அக்கரையில் உள்ள ஊர். விடுமுறை நாளில் சைக்கவுக் பகோடா, அப்படியே கொஞ்சம் தெற்கே போனால் சௌத்தானில் தண்ணீர் நடுவே நிற்கும் பகோடா, சாயங்காலம் வீடு திரும்பல். அதோடு சரி. ஆனால் ரங்கூன் ஒரு துறைமுகமாக எழுந்தது 1755-க்கு அப்புறம்தான். அதற்கு இருநூறு வருடத்துக்கு முன்பே சிரியத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. அவற்றில் பல நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவை. பர்மாத் தமிழர் கதையை நாம் எப்போதும் வெள்ளைக்காரன் காலத்துக் கூலிக் கப்பலிலிருந்தே ஆரம்பிக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு நீண்ட காலம் இருக்கிறது என்பதை என் ஊரை வைத்துச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பெகு ஆறு வடகிழக்கிலிருந்து வளைந்து வளைந்து வந்து ரங்கூன் ஆற்றோடு கலக்கிறது. கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கரையில் இருக்கிறது சிரியம். சுற்றிலும் தாழ்ந்த வயல்வெளி. ஊருக்கு முதுகெலும்பு மாதிரி ஒரு செம்மண் மேடு ஓடுகிறது, அந்த மேட்டில்தான் சைக்கவுக் பகோடா. மே மாதக் கடைசியில் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கொட்டும் இந்தப் பகுதியில் அந்த மேடுதான் வெள்ளம் ஏறாத இடம். கடல் தூரத்தில் இருந்தாலும் ஆற்றில் ஓதம் ஏறி இறங்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். பாய்மரக் கப்பல்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஏற்றத்தோடு உள்ளே வரலாம், இறக்கத்தோடு வெளியே போகலாம்.

ஆனால் அதே ஆறு வண்டலையும் கொண்டுவருகிறது. மேலே பெகு நகரம், கீழ் பர்மாவின் பழைய குடிகளான மோன் மக்களின் அரசர்களுக்குத் தலைநகராக இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அது பெரிய வியாபார நகரம். அங்கே போகும் நீர்வழி மேடுதட்டத் தட்ட, பெரிய கப்பல்கள் கீழேயே, சிரியத்தில், நின்றுவிட்டன. இப்படித்தான் எங்கள் ஊர் துறைமுகம் ஆனது.

அந்தக் காலத்தில் பெகுவுக்கு வந்த வெனிஸ் வியாபாரி ஒருவர், செசாரே ஃபெடரிச்சி என்பவர், 1569 வாக்கில் இங்கே இருந்தார். பெகுவில் விலை போகும் சரக்கு எது என்று எழுதும்போது அவர் சாந்தோமைச் சொல்கிறார். நம் மயிலாப்பூர்க் கரையில் இருக்கும் அதே சாந்தோம்தான். அங்கிருந்து வருடந்தோறும் ஒரு பெரிய கப்பல் பெகுவுக்குப் போகும். அதில் சித்திரம் எழுதிய பருத்தித் துணியும், சாயவேரில் தோய்த்த சிவப்பு நூலும் இருக்கும். அந்தத் துணியைத் துவைக்கத் துவைக்க நிறம் கூடுகிறது என்று அவர் வியந்திருக்கிறார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சோழமண்டலக் கரையில் எங்கோ ஒரு நெசவாளர் வீட்டில் தறியில் இறங்கிய துணி இந்த ஆற்றங்கரையில் ஒரு மோன் பெண்ணின் இடுப்பில் இருந்திருக்கிறது. துணியோடு மரைக்காயரும் செட்டியும் மாலுமியும் வந்துபோயிருக்கிறார்கள்.

ஐரோப்பியர்கள் பின்னால் வந்ததும் இந்தத் துணிக்காகத்தான். டச்சுக் கம்பெனி 1630-களில் சிரியத்தில் பண்டகசாலை வைத்தது, 1680-இல் மூடியது. அந்தப் பண்டகசாலைக்குக் கட்டளை போனது எங்கிருந்து தெரியுமா? பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து. ஆங்கிலக் கம்பெனி 1647-இல் ஆள் அனுப்பியது சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து. கொண்டுவந்தது துணி. கொண்டுபோனது தேக்கு, அரக்கு, தகரம், மாணிக்கக் கல்.

இதற்கு நடுவில் ஒரு போர்ச்சுக்கல்காரர் கதை இருக்கிறது. சிரியம் என்றாலே எல்லாரும் அவரைத்தான் சொல்வார்கள். பிலிப் டி பிரிட்டோ என்று பெயர். 1599-இல் அரக்கான் அரசரும் தவுங்கூ அரசரும் சேர்ந்து பெகுவை அழித்த சமயத்தில் அரக்கான் படையோடு வந்தவர். சிரியத்தைக் காக்கச் சொல்லி விட்டுப்போன இடத்தில் கோட்டை கட்டிக்கொண்டு, கோவாவிலிருந்த போர்ச்சுகீசிய வைஸ்ராயின் ஆதரவோடு தானே ஆள ஆரம்பித்துவிட்டார். பகோடாக்களைக் கொள்ளையடித்தார். பழைய மோன் அரசர் தம்மசேதி ரங்கூனின் ஷ்வேதகோன் பகோடாவுக்கு வார்த்துக் கொடுத்த மாபெரும் மணியை, உருக்கிப் பீரங்கி செய்வதற்காக, 1608-இல் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார். பசுண்டவுங் ஓடை பெகு ஆற்றில் சேரும் இடத்தில் மணி கவிழ்ந்து மூழ்கியது. இத்தனை காலமாக எத்தனையோ பேர் முங்கித் தேடியும் அது அகப்படவில்லை. 1613-இல் பர்மிய அரசர் அனௌக்பெத்லுன் கோட்டையைப் பிடித்து டி பிரிட்டோவைக் கழுவேற்றினார். அவரோடு சேர்ந்திருந்த தவுங்கூ அரசர் நத்ஷின்னவுங்கும் கொல்லப்பட்டார். பர்மியக் காதல் கவிதையில் அவருக்கு நிகர் குறைவு. சைக்கவுக் பகோடாவுக்குப் பக்கத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. பகோடாவுக்குப் போகிறவர்கள் அதையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சிறைப்பட்ட போர்ச்சுகீசியக் குடும்பங்களை அரசர் மேல் பர்மாவில் மூ ஆற்றுப் பக்கம் குடிவைத்தார். அவர்களின் வம்சாவளியினர் பயிங்ஜி என்ற பெயரில் இன்றும் அங்கே கத்தோலிக்கராக வாழ்கிறார்கள். சிரியத்தில் இடிந்து நிற்கும் செங்கல் தேவாலயத்தைப் போர்ச்சுகீசியர் கோயில் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது அவர்கள் கட்டியது அல்ல. ஏறக்குறைய 140 வருடம் கழித்து, 1750-ஐ ஒட்டி, நெரினி என்ற இத்தாலியப் பாதிரியார் எழுப்பியது. டி பிரிட்டோவின் பேர் பெரிதாக ஒட்டிக்கொண்டதில் இந்த நல்ல மனிதரை ஊர் மறந்துவிட்டது.

நெரினி காலத்தில்தான் நமக்கு இன்னொரு உறவு வருகிறது, பாண்டிச்சேரி வழியாக. பிரெஞ்சுக் கம்பெனி சிரியத்தில் தேக்குக் கப்பல் கட்டும் துறை வைத்திருந்தது. மோன்களுக்கும் பர்மியர்களுக்கும் போர் மூண்டபோது, பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளே 1751-இல் புருனோ என்பவரை மோன்களிடம் தூது அனுப்பினார். அவர்களுக்கு உதவினால் இந்தத் துறைமுகம் தன் கையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. கணக்குத் தவறியது. பர்மிய அரசர் அலவுங்பயா 1755-இல் எதிர்க்கரையில் தகோனைப் பிடித்து ரங்கூன் என்று பெயர் வைத்தார். சிரியத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, 1756 ஜூலையில் உள்ளே நுழைந்தார். புருனோ கொல்லப்பட்டார், பாதிரியார் நெரினியும் கொல்லப்பட்டார். உதவிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் விஷயம் தெரியாமல் ஆற்றுக்குள் வந்து பிடிபட்டது. அதன் பீரங்கிகளும் பீரங்கிக்காரர்களும் அரசரின் படைக்குப் போனார்கள்.

அதோடு துறைமுகம் ரங்கூன் கரைக்குப் போய்விட்டது. அடுத்த நூற்றைம்பது வருடத்தில் எங்கள் ஊரில் சொல்லும்படி அதிகம் நடக்கவில்லை. 1852-இல் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு சுற்றியிருந்த காடும் சதுப்பும் வயலாக மாறின. சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்கு விலை ஏறியது. வயலுக்குப் பணம் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். வயலில் இறங்கியவர்களில் பர்மியரோடு தமிழரும் இருந்தார்கள். 1930-களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போய், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் பெயருக்கு மாறியது. அந்தக் கசப்பின் விலையைச் சாதாரணத் தமிழ்க் குடும்பங்களும் கொடுத்தன. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்ல என்பது உண்மை. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானது என்பதும் உண்மை.

ஊரை மறுபடி எழுப்பியது எண்ணெய். பர்மா ஆயில் கம்பெனி 1900-ஐ ஒட்டிய வருடங்களில் சிரியத்தில் சுத்திகரிப்பு ஆலையை வளர்த்தது. முதலில் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ஐராவதி வழியாகப் படகில் எண்ணெய் வந்தது. 1909 வாக்கில் சுமார் 275 மைல் தூரத்துக்குக் குழாய் போட்டு நேராக ஆலைக்கே கொண்டுவந்தார்கள். ஆலைக்குள் பெரும்பாலான கூலி வேலை தெலுங்கரும் தமிழரும் செய்தது. மேஸ்திரிமார் ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார்கள். கப்பலில் இறங்கியதும் அந்த முன்பணம் கடனாக முன்னால் நிற்கும். டின் அடிப்பது, மெழுகு ஆலை, கொதிகலன், படகில் ஏற்றுமதி என்று வேலை. என் தாத்தா டின் பிரிவில் இருந்தார். தகர விளிம்பு கிழித்த தழும்பு அவர் இரண்டு கையிலும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சென்னை ராஜதானியில் எத்தனை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்ததோ, அதில் பெரும்பங்கு எண்ணெய் இந்தக் கைகள் வழியாகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் 10 லட்சத்துக்கு மேல். தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர். அக்கரைச் சிரியம் அந்த நகரத்தின் தொழிற்கூடம்.

1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 7-ஆம் தேதி, ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்களே சிரியம் ஆலைக்கு வெடி வைத்தார்கள். எண்ணெய்ப் புகை வானத்தை மூடியதைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நாலைந்து லட்சம் பேர் இந்தியாவுக்குப் போனார்கள் என்பது பொதுவான கணிப்பு. பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் பசியிலும் செத்தார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்து போனவர்களும் உண்டு, வயல் பக்கம் கிராமங்களில் பர்மியக் குடும்பங்கள் அடைக்கலம் கொடுத்து இங்கேயே தங்கியவர்களும் உண்டு. அடைக்கலம் கொடுத்த அந்தக் குடும்பங்களை நாம் மேடைகளில் போதிய அளவு நன்றியோடு சொல்வதில்லை.

போருக்குப் பின் 1957-இல் ஆலை மறுபடி ஓடியது. பிறகு அரசுடைமை. 1964-இல் கடைகள் தேசியமயம் ஆயின. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் போன குடும்பங்கள் கப்பல் ஏறின. அந்த வருடங்களில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர் நாடு விட்டுப் போனதாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பர்மா காலனி இருக்கிறதே, அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள், சிரியம் ஆலையில் அப்பா வேலை பார்த்தார் என்று சொல்ல ஆள் கிடைப்பார்.

இன்றைய சிரியம் வேறு. 1993-இல் சீன உதவியோடு சாலையும் ரயில் பாதையும் சேர்ந்த பாலம் வந்தது. அதுவரை ரங்கூனுக்குப் போக வேண்டுமானால் படகுதான், ஓதம் பார்த்துத்தான். பாலத்தோடு பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் கடல்சார் பல்கலைக்கழகமும் இந்தப் பக்கம் வந்தன. 2015-இல் தீலவா தொழிற்பேட்டை ஜப்பானியர் கூட்டோடு திறந்தது. 2014 கணக்கெடுப்பில் சிரியம் வட்டத்தின் ஜனத்தொகை 2 லட்சத்து 68 ஆயிரம். இது சுற்றுக் கிராமங்களையும் சேர்த்த எண்ணிக்கை. நடு ஊர், சந்தையும் படித்துறையும் பழைய தெருக்களும், அரை நாளில் நடந்து முடிக்கக்கூடிய அளவுதான். அந்தக் கணக்கெடுப்பில் இனவாரி விவரத்தை முழுதாக வெளியிடவே இல்லை, ஆகவே தமிழர் எத்தனை என்று யாராவது எண் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சிரியம், சௌத்தான், தொங்வா, கயான் என்று இந்தப் பக்கம் முழுக்க நம் ஆட்கள் இருக்கிறார்கள், வயலிலும் சந்தையிலும் சின்னப் பட்டறைகளிலும். மாரியம்மனுக்குத் தீமிதி நடக்கும்போது கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். மஞ்சள் கட்டியவர்களில் பர்மியப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருப்பார்கள்.

வீட்டில் பேச்சு பர்மியமாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் பர்மியப் பெயர், கோயிலில் தமிழ்ப் பெயர். அதில் எனக்கு வருத்தம் இல்லை, இந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு இந்த மண்ணின் பாஷை வேண்டும். வார இறுதியில் கோயில் வகுப்புகளில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அ, ஆ முடிந்ததும் பிள்ளைகளை ஒரு நாள் அந்த இடிந்த தேவாலயத்துக்கும், ஆற்றங்கரைக்கும், ஆலை மதில் பக்கமும் கூட்டிப்போங்கள். சாந்தோம் துணி வந்த கதையைச் சொல்லுங்கள். ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பது, தொண்ணூறு வயது. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பழைய சம்பளச் சீட்டு, அடையாளச் சீட்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைனில் யார் வீடு இருந்தது, எந்த மேஸ்திரி எந்த ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தார் என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை, அவர்களிடம்தான் இருக்கிறது. மழைக்காலம் வருமுன் போனால் நல்லது. பாதையும் காய்ந்திருக்கும், அவர்களும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.